மாமனார் பீரோ

"சாவி வெட்டுற மெஷினைக் கொடுத்துடு" என்றார் பூட்டுக்காரர்.

"தர மாட்டேன்" என்றார் தையல்காரர். தலையைத் தூக்கவில்லை. ஒரு சட்டைக் காலரை ஓட்டிக்கொண்டிருந்தார். பதில் காலருக்கா பூட்டுக்காரருக்கா என்று பார்ப்பவர்களுக்குச் சந்தேகம் வந்திருக்கும்.

"அரத்தையாவது கொடு."

"மாட்டேன்."

"என் மூக்குக்கண்ணாடி. அது என் கண்ணுக்குப் பார்த்து வாங்கினது. அதை வச்சுக்கிட்டு நீ என்ன செய்யப் போறே?"

தையல்காரர் காலால் மிதிப்பதை நிறுத்திவிட்டுப் பக்கத்து மேசையைப் பார்த்தார். அங்கே கடிகாரக்காரர் ஒற்றைக் கண்ணில் லென்ஸை மாட்டிக்கொண்டு ஒரு டைம்பீஸின் வயிற்றுக்குள் தலையை விட்டிருந்தார். அந்தப் பக்கமிருந்து உதவி வராது என்று தெரிந்தது.

"எல்லாம் பீரோவுக்குள்ள பத்திரமா இருக்கு. நீ செஞ்ச பூட்டுதானே? திறந்து எடுத்துக்கோ."

"சாவி உன்கிட்ட இருக்கு."

"ஆமா, இருக்கு. தர மாட்டேன். என்ன செய்வே?"

என்ன செய்வது என்று பூட்டுக்காரருக்கு உண்மையிலேயே தெரியவில்லை. தெரிந்திருந்தால் இப்படித் தினமும் வந்து கேட்டுக்கொண்டிருக்க மாட்டார். படியிறங்கித் தெருவைக் கடந்து, எதிர்ப் பக்கம் பேப்பர் கடைப் படியில் விரித்திருந்த சாக்கின்மேல் போய் உட்கார்ந்தார். சண்டை போடுவதற்கும் கொஞ்சம் தெம்பு வேண்டியிருக்கிறது. அவருடைய தெம்பு வீட்டிலிருந்து தெருமுனை வரைக்கும்தான் வந்தது.

சமீபம் வரைக்கும் மூன்று பேரும் அந்த ஒரே அறையில்தான் தொழில் பார்த்தார்கள். ரயில் பெட்டி மாதிரி நீளமான அறை. வாசலில் தையல், நடுவில் கடிகாரம், உள்ளே பூட்டு. மேசை விசிறி ஒன்றுதான். அது மூன்று பேருக்கும் முறை வைத்துத் தலையாட்டும். அறையின் கோடியில் சுவரோடு ஒட்டி ஓர் இரும்பு பீரோ. தையல்காரரின் கல்யாணத்துக்கு அவருடைய மாமனார் கொடுத்தது. வீட்டு வாசலில் நுழையாததால் கடைக்கு வந்தது. மாமனார் எப்போதாவது வருவார். பீரோவை விரல் முட்டியால் தட்டிப் பார்ப்பார். குனிந்து கீறல் தேடுவார். கிடைக்கவில்லை என்றதும் திருப்தியாகக் கிளம்பிப் போவார். மகள் எப்படி இருக்கிறாள் என்று அவர் கேட்டதாக யாருக்கும் ஞாபகம் இல்லை.

மூன்று பேருடைய உடைமையும் அந்த பீரோவில்தான். மேல் தட்டில் தைத்து முடித்த துணிகள். நடுத் தட்டில் பழுது பார்த்த கடிகாரங்கள். கீழ்த் தட்டில் சாவி வெட்டும் மெஷின், அரங்கள், வெட்டாத சாவிக் கொத்துகள், மூக்குக்கண்ணாடி, மழைக்கு ஒரு குடை, மத்தியானம் தலைக்கு வைத்துக்கொள்ள ஒரு சின்னத் தலையணை. பூட்டுக்காரர் என்ற மனிதரிலிருந்து அவரைக் கழித்தால் மீதி எல்லாம் அந்தத் தட்டில் இருந்தது.

பீரோவின் பழைய பூட்டு மக்கர் செய்ததால் பூட்டுக்காரரே ஒரு புதுப் பூட்டைச் செய்து கதவுக்குள் பொருத்தினார். அவர் வாழ்க்கையில் செய்த பூட்டுகளிலேயே அதுதான் உசத்தி. கதவைத் தள்ளினால் போதும், தானே பூட்டிக்கொள்ளும். திறக்கத்தான் சாவி வேண்டும். ஒரு பூட்டுக்கு ஒரே சாவி, செய்தவன் கையில் மறுசாவி இருக்கக் கூடாது என்பது அவருடைய கொள்கை. "நான் போட்ட பூட்டை நானே நினைச்சாலும் திறக்க முடியாது" என்று வருகிறவர் போகிறவரிடம் எல்லாம் சொல்லுவார். அதை நம்பித்தான் தெருவில் பாதிப் பேர் அவர் பூட்டை வாங்கியிருந்தார்கள். பெண்கள் விடுதியின் வார்டன் அம்மாவும் அதைக் கேட்டுத்தான், விடுதி அறைகளுக்கெல்லாம் புதுப் பூட்டும் சாவியும் போட்டுத் தரச் சொல்ல யோசித்துக்கொண்டிருந்தார். பீரோ பூட்டை வந்து பார்த்துவிட்டு முடிவு சொல்வதாகச் சொல்லியிருந்தார்.

அவர் வர வேண்டிய அன்றைக்குத்தான் எல்லாம் கெட்டது.

மத்தியானம் புதுப் பூட்டை மாட்டி, எண்ணெய் விட்டு, துடைத்து, வழக்கம்போல் சாவியைத் தையல்காரர் கையில் கொடுத்துவிட்டு வீட்டுக்குச் சாப்பிடப் போனதாகப் பூட்டுக்காரர் பிற்பாடு தெருவில் எல்லோரிடமும் சொன்னார். தையல்காரரும் அதை மறுக்கவில்லை. சாப்பிட்டுவிட்டுத் திரும்பினால், வாசலில் வார்டன் அம்மா ஆட்டோவிலிருந்து இறங்கிக்கொண்டிருக்கிறார். பூட்டுக்காரர் சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு அவரை உள்ளே கூப்பிட்டார். அவ்வளவுதான், தையல்காரர் எழுந்து நின்று விசிறியைப் பற்றிப் பேச ஆரம்பித்தார்.

விசிறி எப்போதும் பூட்டுக்காரர் பக்கமே அதிக நேரம் நிற்கிறதாம். மற்றவர்கள் வேர்வையில் செத்தால் இவருக்கென்ன என்றாராம். அதோடு போகட்டும் என்று பார்த்தால், குரலை உயர்த்தினால் ஸ்பிரிங் பறந்துவிடும் என்று ஆயுசு முழுக்கக் கிசுகிசுத்தே பேசிய கடிகாரக்காரரும் எழுந்து நின்று கத்தினார். என்ன கத்துவது என்று அவருக்குப் பழக்கமில்லாததால், "ஆமா, ஆமா, விசிறி, விசிறி" என்று மட்டும் கத்தினார். பூட்டுக்காரர் பதிலுக்குச் சில வார்த்தைகள் சொன்னார். அவற்றில் தையல்காரரின் மாமனாரும் வந்தார். கடைசியில் தையல்காரர் பீரோவின் முன்னால் இரண்டு கையையும் விரித்து நின்றுகொண்டு, இனிமேல் இதிலிருந்து ஒரு குண்டூசி கூட உனக்குக் கிடையாது என்று சொல்லிவிட்டார்.

வார்டன் அம்மா படியில் நின்று எல்லாவற்றையும் பார்த்தார். விடுதியில் இதைவிடப் பெரிய சண்டையெல்லாம் பார்த்தவர். பூட்டை இன்னொரு நாள் பார்க்கிறேன், பிள்ளைகள் லீவு முடிந்து வருவதற்குள் வேலையை முடித்துக் கொடுங்கள் என்று சொல்லிவிட்டு அதே ஆட்டோவில் போய்விட்டார். ஆக, வேலை கிடைத்துவிட்டது. வேலை செய்ய மெஷின்தான் இல்லை.

பேப்பர் கடைக்காரர் படியில் இடம் கொடுத்தார். வியாபாரிகள் சங்கத்துக்கு அவர்தான் தலைவர் என்பதால் யாருக்காவது எதையாவது கொடுக்க வேண்டிய கட்டாயம் அவருக்கு இருந்தது. பூட்டுக்காரர் ஓர் இரவல் அரத்தையும் மனைவியின் கண்ணாடியையும் வைத்துக்கொண்டு கையால் சாவி ராவ ஆரம்பித்தார். கண்ணாடி ஊதா நிற ஃபிரேம். இரண்டு ஓரத்திலும் பூனைக் காது மாதிரி தூக்கிக்கொண்டிருக்கும். அதைப் போட்டுக்கொண்டு அவர் நிமிர்ந்து பார்க்கும்போது வாடிக்கையாளர்கள் தங்கள் பூட்டை ஒருமுறை தங்கள் பக்கம் இழுத்துக்கொண்டார்கள்.

முதல் சாவியைக் கொண்டுபோன மருந்துக் கடைக்காரர் மாலையே திரும்பி வந்தார். சாவி அவர் வீட்டைத் திறக்கவில்லை. எதிர் வீட்டைத் திறந்திருக்கிறது. அவர் பொறுமையாகத்தான் சொன்னார். எதிர் வீட்டுக்காரர் அவ்வளவு பொறுமையாக இல்லை.

கண்ணாடி போன வீட்டில் மனைவியும் சும்மா இருப்பாளா? சர்க்கரை டப்பா என்று நினைத்து உப்பு டப்பாவை எடுத்து ஒரு நாள் டீ போட்டாள். அதைக் குடித்த பிறகு, தானே போய்ப் பொருளை வாங்கி வருவதாகச் சொன்னாள். அவள் காய்கறிக் கடையில் பேரம் பேச நின்றால் கடைக்காரர் தராசைக் கீழே வைத்துவிடுவார். பூட்டுக்காரருக்கு நம்பிக்கை வந்தது. படியில் உட்கார்ந்தபடி எதிர்க் கடையைப் பார்த்துக்கொண்டிருந்தார். சத்தம் எதுவும் வரவில்லை. ரொம்ப நேரம் கழித்து மனைவி வெறும் கையோடு வந்தாள்.

"என்ன சொன்னான்?"

"பாவங்க அவரு. முகமே வாடிப்போயிருக்கு."

"பொருள் எங்கே?"

பொருளைப் பற்றிப் பேச்சு எடுக்க ஒரு சாக்கு வேண்டுமே என்று, தைக்க வைத்திருந்த துணியை அவள் கொண்டுபோயிருக்கிறாள். அவர் அளவெடுத்துத் துணியை வாங்கி வைத்துக்கொண்டார். அப்படியே தன் கைக்கடிகாரம் நின்றுபோனதும் ஞாபகம் வந்து, அதையும் கழற்றிக் கடிகாரக்காரரிடம் கொடுத்துவிட்டாள். ஆக, அந்தக் கடையில் இருந்த அவர்கள் வீட்டுப் பொருள்களின் எண்ணிக்கை கூடியிருந்தது.

"ஒண்ணு மட்டும் சொன்னாரு" என்றாள் மனைவி. "கடை சாத்துற நேரத்துக்கு உங்களைத் தனியா வரச் சொன்னாரு. யாரையும் கூட்டிக்கிட்டு வரக் கூடாதாம்."

பூட்டுக்காரர் அரத்தைக் கீழே வைத்தார். தனியாக. அதுவும் கடை சாத்துகிற நேரத்துக்கு. அவர்கள் இரண்டு பேர், இவர் ஒருவர். தையல்காரரிடம் இருக்கும் கத்திரிக்கோல் ஒரு முழ நீளம். சினேகிதனாக இருந்தவன் அடியாள் வரைக்கும் போய்விட்டானே என்று நினைக்க அவருக்குக் கோபம் வரவில்லை, கொட்டாவி வந்தது. இப்போதெல்லாம் எல்லாவற்றுக்கும் அதுதான் வந்தது.

தனியாகப் போகக் கூடாது என்று முடிவெடுத்து, கூட்டமாகப் போனார். அதாவது, சங்கத் தலைவரிடம் முறையிட்டார். தலைவர் பதவிக்கு வந்ததிலிருந்து ஒரு பஞ்சாயத்துக்கு ஏங்கிக்கொண்டிருந்தவர். கடையைச் சாத்திவிட்டே கிளம்பினார். தெருவில் அவருக்குப் பின்னால் ஆள் சேர்ந்தது. நீள அறைக்குள் நிற்க இடமில்லாமல் பாதிப் பேர் வாசலில் நின்று தலையை மட்டும் உள்ளே அனுப்பினார்கள்.

சாவியைக் கொடு என்றார் தலைவர். தர மாட்டேன் என்றார் தையல்காரர். அடுத்தவன் பொருளை அமுக்கி வைத்துக்கொள்வதற்குப் பெயர் என்ன தெரியுமா என்றார் தலைவர். தெரியும் என்றார் தையல்காரர். கூட்டத்தில் யாரோ அந்தப் பெயரைச் சத்தமாகவே சொன்னார்கள். கடிகாரக்காரர் லென்ஸைக் கழற்றித் துடைத்து மறுபடி மாட்டிக்கொண்டார். அன்றிலிருந்து அந்தத் தெருவில் தையல் கடை, கடிகாரக் கடை என்று யாரும் சொல்லவில்லை. திருட்டுக் கடை என்றால்தான் வழி சொன்னார்கள்.

கேஸ் கட்டர் வைத்து பீரோவை அறுத்துவிடலாம் என்று தலைவர் ஒரு யோசனை சொன்னார். தையல்காரர் பீரோவைக் கட்டிப் பிடித்துக்கொண்டார். மாமனார் பீரோ, இதில் ஒரு கீறல் விழுந்தால் நான் குடும்பம் நடத்த முடியாது என்றார். கல்யாணமானவர்கள் எல்லோரும் அதை ஏற்றுக்கொண்டார்கள்.

அப்போதுதான் மருந்துக் கடைக்காரர் கேட்டார். "பூட்டுக்காரரே, பூட்டு உங்களுதுதானே? எல்லாரும் இருக்கோம். இங்கேயே திறந்து எடுத்துக்கிட்டா விஷயம் முடிஞ்சுது."

உட்கார இடம் இருந்தவர்கள் வசதியாக உட்கார்ந்தார்கள். விசித்திரமாக, தையல்காரர்தான் பதறினார். கூட்டத்தில் வேண்டாம், இவ்வளவு பேர் முன்னால் வேண்டாம், அவன் மட்டும் ஒரு நாள் வரட்டும் என்று ஏதேதோ சொன்னார். யாரும் காதில் வாங்கவில்லை. பூட்டுக்காரர் கூட்டத்தைப் பார்த்தார். அத்தனை முகத்துக்கும் அவர் ஒரு பூட்டு விற்றிருந்தார். திறந்தால் மெஷின் கிடைக்கும். ஆனால் இவர் திறக்கக்கூடிய பூட்டைத்தான் இவ்வளவு நாள் வாசலில் மாட்டிக்கொண்டு நிம்மதியாகத் தூங்கினோமா என்று அந்த முகங்கள் கேட்கும்.

"நான் போட்ட பூட்டை நானே நினைச்சாலும் திறக்க முடியாது" என்றார்.

தையல்காரர் பெருமூச்சு விட்டார். அதில் ஒரு நிம்மதி இருந்ததைப் பூட்டுக்காரர் கவனித்தார். தன் மானம் போவதைப் பார்த்து இவ்வளவு சந்தோஷமா என்று நினைத்துக்கொண்டார்.

ஒருவர் சாவி தர மாட்டார், ஒருவரால் திறக்க முடியாது, எனவே பிரச்சினை சுமுகமாகத் தீர்ந்தது என்று தலைவர் தீர்ப்பு சொன்னார். எல்லோருக்கும் டீ வந்தது.

அடுத்த நாளிலிருந்து பேப்பர் கடைப் படிக்கு ஆள் வருவது நின்றுவிட்டது. சாவி தொலைந்தால் திறக்கத்தானே பூட்டுக்காரரைத் தேடுவார்கள்? இவர் தன்னால் முடியாது என்று சங்கத் தலைவர் முன்னிலையில் சொல்லிவிட்டார். சாவி தொலைத்தவர்கள் எல்லோரும் அடுத்த தெருவில் இருந்த 'நம்பர்' என்பவனிடம் போனார்கள். நம்பர் பூட்டு விற்பதால் அவனுக்கு அந்தப் பெயர். இளவட்டம். சாவியே தேவையில்லாத காலம் வருகிறது என்று பூட்டுக்காரரிடமே சொன்னவன்.

பூட்டுக்காரருக்கு இருந்த ஒரே ஆறுதல் எதிர்க் கடையைப் பார்ப்பதுதான். அங்கேயும் நிலைமை நன்றாக இல்லை. துணி கேட்டு வந்தவர்கள் தையல்காரரைத் திட்டிவிட்டுப் போனார்கள். ஒரு மாப்பிள்ளை தன் கல்யாணத்துக்கு அண்ணன் கோட்டைப் போட்டுக்கொண்டதாகக் கேள்வி. சொன்ன நாளில் துணி கொடுக்காத தையல்காரர் உலகத்தில் புதிதில்லை என்பதால் காரணத்தை யாரும் தேடவில்லை. கடிகாரக்காரர் எல்லோரிடமும் சாமான் வரவில்லை, சாமான் வரவில்லை என்று கிசுகிசுத்துக்கொண்டிருந்தார். கெட்டவர்களுக்குக் கெட்டது நடப்பதைப் பார்ப்பது மத்தியானத் தூக்கத்துக்கு நல்லது. தலையணை இல்லாததுதான் குறை.

தையல்காரரின் மனைவி தினமும் சாப்பாட்டு கேரியரோடு அந்தப் பக்கம் வருவாள். முன்பெல்லாம் அதில் பூட்டுக்காரருக்கும் ஒரு டப்பா இருக்கும். ஒரு நாள் தெருவைக் கடந்து படியருகே வந்து நின்றாள்.

"அண்ணே, அது வந்து..." என்று ஆரம்பித்தாள்.

எதிர்க் கடையிலிருந்து ஓர் இருமல் கேட்டது. கடிகாரக்காரரும் சேர்ந்து இருமினார். அவள் கேரியரை மறு கைக்கு மாற்றிக்கொண்டு திரும்பிப் போய்விட்டாள். பெண்டாட்டியைக்கூடப் பேச விடாமல் மிரட்டி வைத்திருக்கிறான் என்று பூட்டுக்காரர் வருத்தப்பட்டார்.

விடுதிப் பிள்ளைகளின் லீவு முடியப் போகிறது என்று தெரிந்ததும் அவர் கடைசியாக ஒரு காரியம் செய்தார். அதைச் செய்வதற்கு அடுத்த தெருவுக்கு நடந்தே போனார். நம்பரின் கடை முன்னால் நின்று, தன் பூட்டு ஒன்றைத் தனக்குத் திறந்து தர வேண்டும் என்று கேட்டார். அதைச் சொல்லும்போது பூனைக் காதுக் கண்ணாடியைக் கழற்றிச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். கொஞ்சமாவது மரியாதை இருக்கட்டும் என்று.

திட்டம் எளிமையானது. நம்பர் பேண்ட் தைக்க வருகிறவனைப் போல உள்ளே போக வேண்டும். பேச்சுக் கொடுத்துக்கொண்டே பீரோவைத் திறந்துவிட வேண்டும். வெளியே யாரிடமும் மூச்சு விடக் கூடாது.

நம்பர் உள்ளே போனான். தையல்காரர் இடுப்பு அளவு எடுத்தார். கால் அளவுக்குக் குனிந்தபோது நம்பர் ஒரு கம்பியை எடுத்துக்கொண்டு பீரோ பக்கம் சாய்ந்தான். கிசுகிசுப்பான மனிதரான கடிகாரக்காரர் தன் ஸ்டூலைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்து பீரோ கதவை மறித்துப் போட்டு அதன்மேல் உட்கார்ந்துகொண்டார். தையல்காரர் அளவு டேப்பை நம்பரின் கையோடு சேர்த்துச் சுற்றி அப்படியே வாசல் வரைக்கும் ஓட்டிக்கொண்டு வந்தார்.

"வெளியாள் எவன் கையும் இதுல படக் கூடாது" என்று தெருவைத் தாண்டிக் கேட்கிற மாதிரி சொன்னார். "அவனே வரட்டும். தனியா வரட்டும்."

நம்பர் கோபமாக அடுத்த தெருவுக்குப் போனான். போகிற வழியெல்லாம், பூட்டுக்காரர் தன் பூட்டைத் திறக்கத் தன்னைத்தான் கூப்பிட்டார் என்பதைச் சொல்லிக்கொண்டே போனான். அன்று மாலையே வார்டன் அம்மாவின் ஆட்டோ வந்து படியருகே நின்றது. இந்த முறை அவர் இறங்கவில்லை.

"நாளைக்குக் காலையில பிள்ளைங்க வந்துடுவாங்க. சாவி எல்லாம் தயாரா?"

பூட்டுக்காரர் கையால் ராவிய சாவிகளைக் காட்டினார். வார்டன் ஒன்றை எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். அது இரண்டு பக்கமும் ஒரு மாதிரியாக இல்லை. ஒரு பக்கத்துக்குள்ளேயே ஒரு மாதிரியாக இல்லை.

"உங்க பொருளை உங்க பூட்டுக்குள்ளேயிருந்து உங்களாலயே எடுக்க முடியல. நான் எந்த தைரியத்துல பிள்ளைங்களை உள்ளே விட்டுக் கதவைச் சாத்துறது? காலையில வருவேன். சரியா இல்லேன்னா அந்தப் பையனைக் கூப்பிட்டுக்கறேன்."

ஆட்டோ போன பிறகு பூட்டுக்காரர் கணக்குப் போட்டுப் பார்த்தார். அந்த வேலை போனால் படியும் போகும்; தலைவர் ஏற்கெனவே அந்த இடத்தில் பழைய பேப்பர் அடுக்கினால் எவ்வளவு அடுக்கலாம் என்று கண்ணால் அளந்துகொண்டிருந்தார். தன் பூட்டைத் திறக்க முடியாதவன் என்று பெயர் வந்தாயிற்று. திறக்கக் கூடியவன் என்றும் பெயர் வந்தால் என்ன குறைந்துவிடும்? அடி விழுந்தாலும் பரவாயில்லை. அடிக்கிறவர்கள் சீக்கிரம் அடித்து முடித்தால் இரவே சாவி வெட்ட ஆரம்பித்துவிடலாம்.

அன்று கடை சாத்துகிற நேரத்துக்கு அவர் தெருவைக் கடந்தார். கையில் மனைவியின் கொண்டை ஊசி ஒன்று, மூக்கில் மனைவியின் கண்ணாடி. மனைவி தானும் வருவதாகச் சொன்னாள். உன் பொருள் ஏற்கெனவே உள்ளே நிறைய இருக்கிறது, நீயாவது வெளியே இரு என்று சொல்லிவிட்டார்.

ஷட்டரைப் பாதி இறக்கியிருந்தார்கள். குனிந்து உள்ளே போனார். தையல்காரர், கடிகாரக்காரர், வீட்டுக்குப் போவதற்காகக் காலி கேரியரோடு காத்திருந்த தையல்காரரின் மனைவி. வேறு யாரும் இல்லை.

"வந்துட்டியா" என்றார் தையல்காரர். காய்ச்சல் விட்டவன் குரல் மாதிரி இருந்தது.

"தனியாத்தான் வந்திருக்கேன். அடிக்கிறதுன்னா மெஷினை எடுத்து வச்ச பிறகு அடிங்க."

கடிகாரக்காரர் அவசரமாக ஷட்டரை முழுக்க இறக்கினார். பூட்டுக்காரர் பீரோவின் முன்னால் முழங்காலிட்டு உட்கார்ந்தார்.

"லைட்டை அணைச்சுடட்டுமா?" என்றார் தையல்காரர்.

"எதுக்கு?"

"நீ கையால தடவியே திறப்பியே. கண்ணு எதுக்கு?"

"லைட்டு இருக்கட்டும்."

கொண்டை ஊசியை உள்ளே விட்டார். இடப் பக்கம் ஒரு அழுத்து, மேலே ஒரு நெம்பு. பூட்டு திறந்துவிட்டது.

அவர் வாழ்க்கையில் செய்ததிலேயே உசத்தியான பூட்டு, ஒரு மரியாதைக்காகவாவது கொஞ்சம் தாமதித்திருக்கலாம். ஒரு கொண்டை ஊசி. ஒரு தும்மல் நேரம். கதவை இழுக்காமல் ஊசியைச் சும்மா திருகிக்கொண்டே உட்கார்ந்திருந்தார்.

"திறந்துடுச்சா?" என்றார் தையல்காரர்.

"இன்னும் இல்லை."

"சத்தம் கேட்டுச்சே."

"அது முதல் சத்தம். இன்னும் நிறைய இருக்கு."

கொஞ்சம் வேர்த்த பிறகு, இவ்வளவு பாடுபட்டது போதும் என்று தோன்றிய பிறகு, கைப்பிடியைப் பிடித்து இழுத்தார். கதவு ஒரு சாண் திறந்தது. அவர் தலையை நீட்டுவதற்குள் அவர் தோளுக்கு மேலே ஒரு கை பாய்ந்தது. தையல்காரரின் கை கீழ்த் தட்டுக்குள் போய், எதையோ பற்றிக்கொண்டு அதே வேகத்தில் வெளியே வந்தது. கடிகாரக்காரர் மறுபக்கம் வந்து பூட்டுக்காரரின் கண்ணாடியை மறைத்துக்கொண்டு நின்றார்.

பிறகு எல்லாம் சரியாக நடந்தது. அதுதான் சரியில்லை. தையல்காரர் ஒற்றைக் கையாலேயே மெஷினை எடுத்துக் கொடுத்தார். அரங்களைக் கொடுத்தார். குடையைக் கொடுத்தார். தலையணையைத் தட்டித் தூசி போக்கிக் கொடுத்தார். மூக்குக்கண்ணாடியைச் சட்டை நுனியில் துடைத்து அவரே மாட்டிவிட்டார். வலது கை மட்டும் மூடியே இருந்தது.

தன் கண்ணாடி வழியாகப் பூட்டுக்காரர் அந்தக் கையைப் பார்த்தார்.

"கையில என்ன?"

"ஒண்ணுமில்லை. நீ கிளம்பு, காலையில வேலை இருக்கு உனக்கு."

"கீழ்த் தட்டுல இருந்ததெல்லாம் என்னுது. கையைத் திற."

"உன்னுதுதான்" என்றார் தையல்காரர். "ஆனா தர மாட்டேன்."

பூட்டுக்காரருக்கு அதுவரைக்கும் வராத கோபம் அப்போது வந்தது. எல்லாவற்றையும் கொடுத்துவிட்டு, கடைசி ஒன்றைப் பிடித்து வைத்துக்கொண்டு விளையாடுகிறானே. அந்த மணிக்கட்டைப் பிடித்து ஒவ்வொரு விரலாகப் பிரிக்க ஆரம்பித்தார். தையல்காரர் விடவில்லை. கடிகாரக்காரர் இரண்டு பேர் கைக்கும் மேலே தன் கையை வைத்து, "வேண்டாம்பா, வேண்டாம்பா" என்று கிசுகிசுத்தார். வயதான மூன்று பேர் ஒரு முஷ்டியைச் சுற்றி மூச்சு வாங்கிக்கொண்டு நின்றார்கள்.

தையல்காரரின் மனைவி கேரியரை மேசைமேல் வைத்தாள்.

"விடுங்கண்ணே, அது அந்தச் சாவிதான், அன்னிக்கு நீங்களே அதை உள்ளே வச்சுக் கதவைத் தள்ளிட்டுச் சாப்பிடப் போயிட்டீங்க, அது அந்த வார்டன் அம்மாவுக்குத் தெரிஞ்சா உங்க பொழைப்பே போயிடும், உங்களுக்குத் தெரிஞ்சா மனசு உடைஞ்சிடும்னுதான் இவங்க ரெண்டு பேரும் உங்களோட சண்டை போட்டுத் திருடன்னு பேரு வாங்கிக்கிட்டு உட்காந்திருக்காங்க."